சுங்கை ஜெலுத்தோங் ஓடையில் ஒரு பெட்டி

யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் கருவியை வைத்துத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயர் எழுதுவதுதான் ஜியோகேஷிங். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகானில் ஒரு வாளியில் தொடங்கிய விளையாட்டு இது. நானும் அக்கா மகனும் தேடிப்போன பெட்டிக்கு நிலக் கடினம் 5 என்று போட்டிருந்தது. அதற்குமேல் எண் கிடையாது. படகு போன்ற தனிச் சாதனம் வேண்டும் என்று பொருள்.

இடம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவு, சுங்கை ஜெலுத்தோங். இருபுறமும் கண்டல் மரங்கள் நெருங்கி நிற்கும் உப்புநீர் ஓடை. நாங்கள் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் நுழைந்தபோது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், உச்சத்தைத் தாண்டி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. அமாவாசையை ஒட்டிய நாள். அந்நாட்களில் இங்கே நீர்மட்டம் 3 மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். ஓத நேர அட்டவணையை நான் பார்த்திருந்தேன்; அது எவ்வளவு விரைவாக வடியும் என்பதைத்தான் எண்ணிப் பார்க்கவில்லை.

மரக்கூரைக்குக் கீழே கருவியின் எண்கள் நிலைகொள்ளாமல் அலைந்தன. வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சேற்றுக்குள்ளிருந்து இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் ஒலி எங்கும் கேட்டது. "சித்தி, அதோ!" என்றான் பையன். தலைக்கு மேல் ஒரு கிளையில் பச்சை டப்பா கட்டியிருந்தது. எழுந்து நின்றால் கயாக் கவிழும். இறங்கினால் தொடைவரை சேறு.

அப்போதுதான் விசைப்படகை அணைத்துவிட்டு ஒரு மலாய்ப் பெரியவர் ஓடைமுகத்தில் நின்றார். எங்களைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டி, "ஆயர் சுருட்! ஆயர் சுருட்!" என்றார். தண்ணீர் வடிகிறது என்கிறார். பெட்டியை விட்டுவிட்டுத் திரும்பினோம். இரண்டு இடங்களில் அடிப்பாகம் சேற்றில் உரசி நின்றது. துடுப்பை ஊன்றித் தள்ளித்தான் வெளியே வந்தோம். அவர் நாங்கள் வரும்வரை அங்கேயே காத்திருந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அடுத்த மாதம் நீர் ஏறும்போதே உள்ளே போனோம். வேர்கள் மூழ்கியிருந்தன. அதே கிளை இப்போது என் தோளுயரத்தில் இருந்தது. ஒளித்தவர் நீர் உயர்ந்த வேளையில் உட்கார்ந்தபடியே கட்டியிருக்கிறார்! ஏடு ஈரமாக இருந்ததால் பென்சிலால் எழுதினோம். ஓதம் உச்சத்தை எட்ட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பையன் டப்பாவை முன்பிருந்த அதே முடிச்சில் கட்டினான்.