ஒயில் குடிக்கும் பழைய கார்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கோண்டாவில்காரன்:

என்னிடம் இருப்பது 110 கொரோலா, 5ஏ எஞ்சின். கொழும்புக்குப் போய் வந்தால் டிப்ஸ்டிக்கில் ஒயில் கீழ்க்கோட்டைத் தொட்டுவிடும். இரவில் காருக்குக் கீழே காட்போட் மட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. கேட்ட எல்லோரும் ஒரே தீர்ப்புத்தான்: "றிங்ஸ் போச்சு, எஞ்சினைப் பிரி." (றிங்ஸ் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள்.) ஒரு கராஜில் பொனற்றைத் திறக்காமலே ஓவர்ஹோலுக்கு விலை சொன்னார்கள். அங்கிருந்து அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு கொண்டுபோனது வயதான ஒரு மெக்கானிக்கிடம். அவர் முதலில் கேட்டது, "தம்பி, புகை எப்ப வருது?"

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை குப்பென்று வரும், கொஞ்சத்தில் நின்றுவிடும். ஏ9 வீதியில் எவ்வளவு மிதித்தாலும் பின்னால் ஒன்றும் தெரியாது. ஆனால் முறிகண்டியில் கச்சான் வாங்க நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே நின்று திரும்ப எடுத்தால் மறுபடி ஒரு புகை.

"அப்ப றிங்ஸை விடு, வால்வ் சீலைப் பார்ப்பம்" என்றார். வால்வ் தண்டில் இருக்கும் ரப்பர் சீல் வயதாகி இறுகிவிட்டால், எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் நிற்கும் ஒயில் இரவோடிரவாக வால்வ் கைட் (தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியே கீழே கசிந்துவிடும். காலையில் எரிவது அதுதான். மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது உள்ளிழுக்கும் விசையும் கூட, அதனால் அப்போதும் ஒயிலை இழுக்கும். றிங்ஸ் தேய்ந்த எஞ்சின் என்றால் மிதிக்க மிதிக்கத்தான் புகை கூடும்.

வாய்ப்பேச்சோடு விடவில்லை. நாலு பிளக்கையும் கழற்றிக் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம், பார்த்தார். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிறகு பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தார். றிங்ஸ் தேய்ந்திருந்தால் அந்த ஒயில் இடைவெளியை அடைத்து மீற்றர் முள்ளை மேலே தூக்கியிருக்கும். பெரிதாக ஏறவில்லை.

ஹெட்டைக் கழற்றாமலே வேலை முடிந்தது. டைமிங் பெல்ற்றையும் வால்வுகளை அமுக்கித் திறக்கும் கேம்களையும் எடுத்தார். ஒவ்வொரு பிஸ்டனாக மேலே கொண்டுவந்து நிறுத்தி, பிளக் துளையால் காற்று அடித்தார். வால்வ் உள்ளே விழாமல் அந்தக் காற்றுத்தான் தாங்கி நிற்கும். வால்வ் ஸ்பிரிங்கை அமுக்கி, அதைப் பிடித்திருக்கும் குட்டிப் பூட்டுகளைக் காந்தத்தால் எடுக்க முதல், ஹெட்டில் ஒயில் இறங்கும் துளைகளுக்குத் துணி திணித்தார். அதற்குள் ஒன்று விழுந்தால் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பைத்தான் கழற்ற வேண்டும். பழைய சீல்கள் விரலுக்கு அமுங்கவே இல்லை. பிளையரால் பிடித்ததும் ஒன்று துண்டு துண்டாகப் போனது. மொத்தம் 16 சீல். உள்வழி வால்வுக்கும் வெளிவழி வால்வுக்கும் வேறு வேறு, மாற்றிப் போடக் கூடாது. ஸ்ரான்லி வீதியில் ஜப்பான் சாமானே கேட்டு வாங்கினேன். இதில் காசு மிச்சம் பிடிக்கப் போனால் அதே கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டிவரும்.

இப்போது சேவிசுக்குச் சேவிஸ் மேலே விடும் ஒயில் பெயருக்குத்தான்.

வல்வெட்டித்துறை:

எனக்கு இதைவிட மலிவாக முடிந்தது. எஞ்சினின் மேல்மூடியான டப்பற் கவரில் ஒரு பிசிவி வால்வ் இருக்கும் அல்லவா? எஞ்சினுக்குள் சேரும் காற்றை இன்டேக்குக்கு (எஞ்சின் காற்றை இழுக்கும் வழிக்கு) திருப்பி விடுவது அதன் வேலை. அது அடைத்துப்போனால் உள்ளே அமுக்கம் ஏறி ஒயில் கிடைத்த வழியால் வெளியேறும். ஏர் பில்டர் பெட்டிக்குள் ஒயில் ஊறியிருந்ததைக் கண்டுதான் சந்தேகம் வந்தது. கழற்றிக் குலுக்கிப் பாருங்கள்: 'டக் டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். என்னுடையதில் சத்தமே இல்லை. கவனம், அது இருக்கும் ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து உடைந்து கவருக்குள் விழும்.

பழைய ஹயர்காரன்:

தம்பிமார், நீங்கள் ஒயில் குறைவதற்குக் கவலைப்படுகிறீர்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்களுக்கு ஒயில் கூடியது! மொறிஸ் மைனரைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடுவோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு றிங்ஸைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு அப்படியே நிற்கும், சில நேரம் ஏறியும் இருக்கும். தொட்டு இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் வழுவழுப்பு இராது, மண்ணெண்ணெய் மணக்கும். அதை ஒயில் என்று நம்பி ஓடியவர்களின் பெயாரிங் அடித்துப்போனது. இன்றைக்கும் கார்பரேற்றர் கார் வைத்திருப்பவர்கள், அதற்குள் பெற்றோலை அளந்து விடும் மிதவை ஊசி ஒழுகிப் பெற்றோல் வழிந்தால் இதே கதைதான். அளவை மட்டும் பார்க்காமல் மணந்தும் பாருங்கள்.

மானிப்பாய்:

20டபிள்யூ50 தடித்த ஒயில் விட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கோண்டாவில்காரன்:

புகை குறையும். சீல் இளகாது. விற்கப் போகிறவர் செய்கிற வேலை அது என்பது என் எண்ணம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் காலை நேரத்தில் போய், உங்கள் கண்முன்னே முதல் ஸ்டார்ட் போடச் சொல்லுங்கள்.

சாவகச்சேரி:

கோண்டாவில் அண்ணை சொன்ன கொம்பிரஷன் கதையில் ஒன்று சேர்க்க வேண்டும். அளவு நன்றாக இருந்தால் மேலே உள்ள இரண்டு றிங்கும் சரி என்றுதான் அர்த்தம். மூன்றாவது, ஒயிலை வழிக்கும் றிங். அது கரி பிடித்துப் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டால் முள் எதையும் காட்டாது. என் நிசான் சன்னி அப்படித்தான். முதல் வைத்திருந்தவர் ஒயில் மாற்றுவதில் மகா கஞ்சன். பிளக் துளையால் கரி கரைக்கும் திரவம் விட்டு இரவு முழுக்க ஊறவைத்துப் பார்த்தோம், கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. பிரித்தபோது ஒயில் றிங்கின் பின்னால் உள்ள துளைகள் எல்லாம் கரியால் மூடிக் கிடந்தன. போரை (சிலிண்டரின் உட்துளையை) மேலும் கீழும் குறுக்கும் நெடுக்கும் அளந்தார்கள், தேய்வு இல்லை. அதனால் போர் அடிக்காமல், அதாவது துளையைக் குடைந்து பெரிதாக்காமல், சுவரை இலேசாக உரசும் ஹோன் மட்டும் போட்டு, அதே அளவு றிங்ஸ்.

இன்னொன்று. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரை குறையலாம் என்று டொயோட்டா கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே முதலில் அளந்து எழுதி வையுங்கள். சமதரையில், எஞ்சின் ஆறியபின், ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில். புகைப் பரிசோதனை கிட்ட வருகிறதென்றால் தள்ளிப்போட வேண்டாம். எரியும் ஒயில் ஹைட்ரோகாபனை ஏற்றிவிடும், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வரிப்பத்திரம் எடுக்க முடியாது.