ஸ்புரூஸ் பெரிதா, பாசி பெரிதா?

தச்சன்மகன்: காற்றில் சாய்ந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை ஒரு விரற்கடைப் பாசிக்காக மட்கவிட வேண்டும் என்று குறிஞ்சி நேற்று எழுதியிருந்தார். 2012 கணக்கெடுப்பில் ஜெர்மனியின் காடுகளில் ஏறத்தாழ கால் பங்கு ஸ்புரூஸ். கூரைச் சட்டம், காகிதக் கூழ், வயலினின் மேல்பலகை எல்லாம் அதுதான். அந்தப் பாசியால் ஓர் ஆட்டுக்குட்டியாவது பசியாறுமா?

குறிஞ்சி: ஆட்டுக்குட்டிதான் அளவுகோல் என்றால் வயலினும் தேறாது, ஐயா.

பக்ஸ்பாமியா விரிடிஸ் என்ற அந்தப் பாசியில் இலை இருப்பதே தெரியாது. கண்ணில் படுவதெல்லாம் ஸ்போர்ப் பை, அதாவது விதைபோல் பரவும் தூளைச் சுமக்கும் பை மட்டும்: குட்டைக் காம்பின் நுனியில் ஒருக்களித்த பச்சை நெல்மணி. பட்டை கழன்று, ஈரம் ஊறி, விரல் வைத்தால் அமுங்கும் கட்டையில்தான் பெரும்பாலும் வளரும். அந்தக் கட்டை முழுதும் மண்ணானால் அதற்கு வீடில்லை. பக்கத்தில் இன்னொன்று தயாராக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்புப் பட்டியலில் அதன் பெயரைச் சும்மா சேர்க்கவில்லை.

தச்சன்மகன்: விழுந்த மரத்தை விட்டுவைத்தால், பட்டைக்கடியில் துளைத்து மரத்தையே சாகடிக்கும் பட்டை வண்டு வரும். 2018 வறட்சிக்குப் பிறகு ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் அந்த வண்டால் சரிவு சரிவாக மரங்கள் சாம்பல் நிறக் குச்சிகளாக நின்றன. பாசிக்கு இரங்கும்போது அதையும் பாருங்கள்.

வேர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வண்டு முட்டையிடுவது புதிதாக விழுந்த, பட்டையுள்ள மரத்தில். பாசி கேட்பது பட்டை போய்ப் பல ஆண்டுகள் மட்கிய மரம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறீர்கள். 1983 ஆகஸ்ட் புயலில் சாய்ந்த மரங்களை ஜெர்மனியின் பவேரியக் காடு தேசியப் பூங்காவில் அள்ளாமல் விட்டார்கள். பின்னால் வண்டு பரவியது உண்மை, ஊர்க்காரர்கள் கொதித்ததும் உண்மை. ஆனால் இன்று அங்கே மட்கிய கட்டைகளின் முதுகிலேயே ஸ்புரூஸ் கன்றுகள் நிற்கின்றன.

தச்சன்மகன்: அது அரசாங்கப் பூங்கா. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரின் கடனைப் பாசியா அடைக்கும்?

குறிஞ்சி: ஐந்து ஏக்கரில் இரண்டு கட்டை கேட்கிறேன். ஓடையோர நிழலில், விலைபோகாத அழுகல் கட்டை.

தச்சன்மகன்: அழுகலையும் அரைத்து விறகுத் துண்டுகளாக விற்கிறார்கள், அம்மா. டிராக்டர் வந்து நிற்கும்போது அந்த இரண்டை யார் தனியே ஒதுக்குவது?