புதுப்பிப்பு: சப்வூஃபர் போட்டபின் வந்த இரைச்சல் போய்விட்டது

ஸ்விஃப்ட் காரில் சப்வூஃபரும் (அடிநாத ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) முன்கதவுக்குப் புது ஸ்பீக்கர்களும் போட்டதிலிருந்து, எஞ்சின் ஓடும்போது 'ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம் வருகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது என்று எழுதியிருந்தேன். இப்போது சுத்தமாக இல்லை.

முதல் காரணம் எர்த். ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைக் கடைக்காரர் டிக்கியில் பெயிண்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார். உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, வயர் நுனியில் மோதிர லக் (வளைய வடிவ உலோக முனை) வைத்து போல்ட் போட்டேன். முக்கால்வாசி இரைச்சல் அங்கேயே அடங்கிவிட்டது. மிச்சம், பவர் கேபிளை ஒட்டியே ஓடிய ஆர்சிஏ வயரால் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோவது). அதைப் பிரித்து மறுபக்கக் கதவோரமாக இழுத்ததும் அதுவும் நின்றது. விலை கூடின ஆர்சிஏ வயரோ, இரைச்சல் ஃபில்டரோ வாங்கும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

வயரிங் கேட்டவர்களுக்கு: என் சப்வூஃபரில் இரண்டு காயில்கள், ஒவ்வொன்றின் மின்தடையும் 4 ஓம். பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8 ஓம். ஆம்ப்ளிஃபயர் 2 ஓம் தாங்கும் என்று மேனுவலில் இருந்ததால்தான் பேரலல். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம். வயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், இதில் சமாதானமே கிடையாது.

கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியை சப்வூஃபருக்கும் மற்றதைக் கதவு ஸ்பீக்கர்களுக்கும் பிரிக்கும் அளவு) இரண்டு பக்கமும் 80 ஹெர்ட்ஸ். சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 180 டிகிரிக்குத் தள்ளியதும் மிருதங்கத்தின் தொப்பி, டிக்கியிலிருந்து இல்லாமல், முன்னால் டேஷ்போர்டிலிருந்தே கேட்கிறது. அவ்வளவு சந்தோஷம்! அடுத்து கதவுக்கு, தகடு அதிராமல் தடுக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டப் போகிறேன்.