கடையில் பை தரமாட்டார்கள்: வெளிநாட்டில் புதிதாகக் குடியேறுபவர்கள் கவனத்துக்கு

பிளாஸ்டிக் தடை என்றதும் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "பையோடு பிடிபட்டால் அபராதமா?" என்பதுதான். பெரும்பாலான நாடுகளில் சட்டம் கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்துகிறது. உங்கள் கையில் பழைய கவர் ஒன்று இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

கிழக்கு ஆப்பிரிக்கா போகிறவர்கள் இதை நம்பி இருந்துவிடாதீர்கள். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பையைப் பயன்படுத்துவதே குற்றம். சட்டப்படி 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதமும் 4 ஆண்டு வரை சிறையும் உண்டு. ருவாண்டாவில் 2008 முதலே தடை; விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துப் பைகளை எடுத்துக்கொள்வார்கள். தான்சானியாவில் 2019 ஜூன் முதல் இதே கதைதான். சோப்பு, ஷாம்பு வைத்திருக்கும் ஜிப்லாக் பைக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு, அதையும் அந்த நாட்டில் குப்பையில் போடக் கூடாது. ஆகவே செருப்பையும் துணியையும் கவரில் சுற்றிப் பெட்டி கட்டாதீர்கள்.

மற்ற இடங்களில் விஷயம் பணத்தோடு முடிகிறது. இங்கிலாந்தில் 2021 மே முதல் சின்னக் கடையிலும் பைக்குக் குறைந்தது 10 பென்ஸ். சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் குறைந்தது 5 சென்ட். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியின் பெரிய மளிகைக் கடைகளில் காகிதப் பைகூடக் கிடையாது. துணிப்பை ஒன்றைக் காரிலோ கைப்பையிலோ போட்டே வையுங்கள், இல்லாவிட்டால் வாங்கியதை அள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"மக்கும் பை" என்று அச்சிட்டிருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். நியூசிலாந்தில் 70 மைக்ரானுக்குக் குறைவான தடிமனுள்ள கைப்பிடிப் பைகள் மக்கும் வகையாக இருந்தாலும் தடைதான்.

வீட்டிலிருந்து சமைத்து விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்குத்தான் உண்மையான தலைவலி. அப்போது கடைக்காரர் நீங்கள்தான்! தெர்மாகோல் பெட்டி மலிவு, சூடும் தாங்கும், அதனால் கை தானாக அதற்குத்தான் போகும். ஆனால் அதில் பெரும்பகுதி காற்று. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியபின் மறுசுழற்சிக்கு யாரும் எடுக்கமாட்டார்கள், உடைந்தால் மணிமணியாகப் பறந்து சாக்கடைக்குள் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும், நியூயார்க் மாநிலம் 2022 ஜனவரியிலும், இங்கிலாந்து 2023 அக்டோபரிலும் உணவுக்கான தெர்மாகோல் பெட்டியைத் தடை செய்துவிட்டன. பெட்டியின் விலையைக் கணக்கில் சேர்த்த பிறகே சாப்பாட்டுக்கு விலை வையுங்கள். அட்டைப் பெட்டி குழம்பைத் தாங்குமா என்று ஒரு மணி நேரம் ஊற்றி வைத்துப் பாருங்கள். அப்புறம், "பழைய ஸ்டாக் இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று யாராவது தெர்மாகோல் பெட்டிகளை நீட்டினால் வாங்காதீர்கள். அவர் தள்ளிவிடப் பார்ப்பது அந்தத் தடையினால்தான்.