நெல்லைப் பக்கத்து விளம்பரங்கள்: உங்களை இழுத்தது எது?

பாளை வாத்தியார்:

பிளஸ் டூ பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுக்கு வரும் பேப்பருக்குள் சொருகியிருக்கும் நோட்டீஸ்களைக் கசக்கிப் போடாமல் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை மேசை நிறைந்துவிட்டது. மனை விற்பனை, நகைக்கடை, மூட்டுவலித் தைலம், நீட் பயிற்சி என்று வகை வகையாக வந்திருந்தன. பேச்சால் ஆளை இணங்க வைக்க மூன்று வழி உண்டு என்று அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே பிரித்து வைத்தார்: பேசுகிறவர் மேல் நம்பிக்கை வரச் செய்வது, கேட்கிறவர் மனதை அசைப்பது, காரணம் காட்டி ஒப்புக்கொள்ள வைப்பது. இதைப் போர்டில் எழுதிப் போட்டு, எந்த நோட்டீஸ் எதில் சேரும் என்று கேட்டேன்.

தைல நோட்டீஸில்தான் சண்டை வந்தது. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பெயரும் இல்லை, என்ன படித்தார் என்பதும் இல்லை. "இது நம்பிக்கை சார்" என்றார்கள் முன்வரிசையில். பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "கோட்டு மேலதான் சார் நம்பிக்கை, ஆள் யாருன்னே தெரியலையே" என்றான். முழு மதிப்பெண் போட்டேன்.

அதே நோட்டீஸின் ஓரத்தில் ஒரு பாட்டி கோயில் படி ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் அதை அழுகை என்றார்கள். எனக்கு அது இளிவரல், அதாவது தன்னைத் தானே தாழ்வாக உணர்வது, என்று பட்டது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை) சொல்லும்போது, இளிவரல் பிறக்கும் இடங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை (வறுமை) என்று நான்கைக் காட்டுகிறார். தலைச்சாய விளம்பரத்துக்கு மூப்பு, தைலத்துக்குப் பிணி. விளம்பரம் முதலில் நம்மை நமக்கே குறைவாகக் காட்டிவிட்டு, அப்புறம்தான் புட்டியை நீட்டுகிறது. (அந்த நான்கில் தோல் நிறம் கிடையாது. அதைக் கிரீம் கம்பெனிகள்தான் சேர்த்தன. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியதையும் வகுப்பில் பேசினோம்.)

நோட்டீஸின் பின்பக்கம் சர்க்கரை நோய்க்கு ஒரு சூரணம், 'அடியோடு குணம்' என்று. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது என 1954இலிருந்து சட்டம் இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த வாசகம் பேப்பருக்குள் சொருகி வந்துகொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

வள்ளியூர்க்காரன்:

எங்களை இழுத்தது குரல். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருவுக்குள் வந்தது. "ஏ அண்ணாச்சி, எங்க போறீய? இங்கன வாங்க, மனையைப் பாத்துட்டுப் போங்க" என்று அசல் நம்மூர்ப் பேச்சு. எங்க அப்பா டீவியில் வரும் விளம்பரத்துக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். இதற்கு வாசல் வரை போய்விட்டார். "நம்ம பயதான்ல பேசுதான்" என்றார். பேசியது ரெக்கார்டு செய்த குரல் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை மனையைக் காட்ட வேன் வந்தது. போக வர இலவசம், மதியம் பிரியாணி. சாப்பிட்ட வீட்டில் குற்றம் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கை கழுவிவிட்டு வந்த எவரும் கேள்வி கேட்கவில்லை. இந்தப் பிரியாணி, வாத்தியார் சொன்ன மூன்றில் எதில் சேரும் என்று தெரியவில்லை. என் கணக்கில் அதுதான் எல்லாவற்றையும்விட வலுவானது.

கையில் கொடுத்த தாளில் 'புதிய பேருந்து நிலையம் 10 நிமிடம்' என்று இருந்தது. அந்த நிலையம் இருக்கும் வேய்ந்தான்குளத்திலிருந்து மனைக்குப் போகவே எங்கள் வேனுக்கு அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. கூட்டிப்போன ஏஜெண்டைக் கேட்டால், "ரோடு காலியா இருக்கணும்லா" என்கிறார். வரைபடத்திலோ பஸ் ஸ்டாண்டுக்கும் மனைக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். தாளின் அடியில் எறும்பு எழுத்தில் 'டிடிசிபி அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தது. டிடிசிபி என்றால் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசின் நகர் ஊரமைப்புத் துறை. விண்ணப்பித்ததும் கிடைத்ததும் ஒன்றா? ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டம் 2016இல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே போடக்கூடாது, விளம்பரத்தில் அந்தப் பதிவு எண் (ரெரா எண்) இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு, நீங்க டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்க, கார்னர் மனை ரெண்டுதான் பாக்கி" என்றார். அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். கார்னர் மனை ரெண்டுதான் பாக்கி என்று அந்த ஆட்டோ இன்றைக்கும் சொல்லிக்கொண்டு போகிறது.

டவுன் வாசி:

நகைக்கடை விளம்பரத்தில் கல்யாணப் பெண்ணைப் பார்த்து அப்பா கண்ணைத் துடைப்பதைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். அது வெளிப்படையான வேலை, பார்த்ததும் தெரிந்துவிடும். நான் பயப்படுவது எண்ணுக்கு. 'சேதாரத்தில் 50% தள்ளுபடி' என்று ரத வீதி முழுக்க ஃபிளெக்ஸ். எந்தச் சேதாரத்தில் பாதி? ஒரு பவுன் சங்கிலிக்கு 20% சேதாரம் வைத்துப் பாதி தள்ளினால் 10%, அதாவது 0.8 கிராமுக்கு நாம் காசு கொடுக்கிறோம். தள்ளுபடியே சொல்லாத பக்கத்துக் கடையில் 9% என்றால் 0.72 கிராம்தான். காரணம் காட்டுவது போல வந்து, ஒப்பிட்டுப் பார்க்கிற வழியை அடைத்துவிடுகிறார்கள். பில் போடும்போது என் மதினி, "சேதாரம் எத்தனை சதவீதம், கிராமில் எவ்வளவு, ரெண்டையும் எழுதுங்க" என்பாள். கடைப் பையன்கள் அவளைக் கண்டாலே முதலாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வண்ணார்பேட்டை அக்கா:

எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி நீட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். ஒரே வாரத்தில் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸிலும் அந்தப் பக்கம் வேறொரு ஃபிளெக்ஸிலும் அவள் முகம். ஒரே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒன்றில் மட்டும் பின்னணியை நீலமாக்கியிருந்தார்கள். அவள் வருஷம் முழுக்கப் படித்தது ஓரிடம். இன்னொரு இடத்தில் மாதிரித் தேர்வு மட்டும்தான் எழுதினாள். அவள் அம்மாவுக்கு இரண்டு போர்டையும் பார்க்கப் பெருமைதான், நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன். ஆனால் அதைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டுமே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. மாணவர் தேர்ச்சி பெற்ற பிறகு எழுத்தில் சம்மதம் வாங்கித்தான் படம் போட வேண்டும், எந்தப் படிப்பில் எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே எந்த ஃபிளெக்ஸிலும் நான் இதுவரை அதைப் பார்க்கவில்லை.

அம்பை:

எல்லாரும் விளம்பரத்தையே திட்டுகிறீர்கள். நெல்லையப்பர் கோயில் பக்கத்து இருட்டுக்கடை என்ற அல்வாக் கடையைப் பாருங்கள். பெரிய போர்டு கிடையாது, வெளிச்சமும் கம்மி, சாயங்காலம்தான் திறப்பார்கள், வரிசை தானாக நிற்கிறது. சரக்கு நன்றாக இருந்தால் விளம்பரம் எதற்கு?

பாளை வாத்தியார்:

அந்த வரிசைதான் விளம்பரம், அண்ணாச்சி. இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா என்று நினைக்க வைக்கிறதே. அதுவும் சம்பாதித்த நம்பிக்கை என்பதால்தான் செல்லுபடியாகிறது. கோட்டை மாட்டிக்கொண்டு வருகிற நம்பிக்கை வேறு.

அம்பை:

சரி, ஒத்துக்கிறேன். ஆனால் வெளியூர்க்காரர் ஜங்ஷனில் இறங்கினால் அதே மாதிரிப் பெயரில் ஒன்றுக்கு நாலு போர்டு, எல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில். போர்டு இல்லாத கடையைத் தேடிப் போகணும் என்று அவருக்கு யார் சொல்வது? ஆட்டோக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் எந்தக் கடை வாசலில் இறக்கிவிடுவார் என்பதற்கு ஒரு தனி விவாதத் திரி போடுங்கள், நான் முதல் ஆளாக எழுதுகிறேன்.