உத்திரமேரூர்ல ஓட்டு போட்டாங்கன்னு கதை விடுறத எப்ப நிறுத்துவீங்க?

கல்வெட்டுப்பித்தன்: கதைசொல்லி அண்ணன் போட்ட ஆடியோவ கேட்டேன். பராந்தக சோழன் காலத்துலயே காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர் சனம் மொத்தமும் வரிசையில நின்னு ஓட்டு போட்டுச்சாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல 919லயும் 921லயும் வெட்டுனது கண்ணு முன்னாடி இருக்கு, ஊர் காரியம் பாக்குற குழுவுக்கு, அதான் வாரியம், ஆள் எடுக்க தகுதி உள்ளவங்க பேர ஓலையில எழுதி குடத்துல போட்டு குலுக்கி ஒண்ணும் தெரியாத சின்னப் பையன விட்டு எடுக்கணும்னுதான் இருக்கு. அது குலுக்கல். யாரு ஓட்டு போட்டா?

கதைசொல்லி: வந்துட்டாரு வாத்தியார். ராத்திரி திருவிழா கூட்டத்துல வாரியம், குடும்பு (அந்தக் கால வார்டு)ன்னு ஆரம்பிச்சா பாதி சனம் எந்திரிச்சு போயிரும். ஓட்டுன்னு சொன்னா சின்னப் புள்ளைக்கும் புரியும்.

கல்வெட்டுப்பித்தன்: குலுக்கல்னா புரியாதா? சீட்டு எடுக்கிறது தெரியாத சனமா நம்ம சனம்?

பொன்னி: ஊர் கூடித்தானே குடத்த குலுக்குனாங்க, அதுவும் மக்களாட்சிதான். எதுக்கு இவ்ளோ கோவம்? போன மாசம் நடுகல் பேச்சுல அண்ணன் உங்கள மடக்குனதுக்கா?

கல்வெட்டுப்பித்தன்: நடுகல்ல என்னை யாரும் மடக்கல, அந்த இழையப் போய் திரும்பப் படிங்க. ஊர் கூடி நின்னு பாத்தா அது ஓட்டு ஆயிருமா? ஒருத்தனாவது இவருதான் வேணும்னு சொல்ல முடிஞ்சுதா?

வடக்குத்தெரு: ரெண்டு பேரும் முக்கியமானத விட்டுட்டீங்க. குடத்துல பேர் விழணும்னா கால் வேலிக்கு (வேலிங்கிறது பழைய நில அளவு) மேல வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள, வேதம் தெரியணும். அது பிராமணர் சபை. ஏர் ஓட்டுன எங்க பாட்டன் பேரு எந்த ஓலையில இருந்துச்சு? ஊர் சனம் மொத்தமும்னு சொல்லும்போது வயிறு எரியுதுய்யா.

கதைசொல்லி: இப்ப சாதிய இழுக்குறீங்க. நான் சொல்லலன்னா இந்த ஊர் பேரே பாதி பசங்களுக்கு தெரியாது.

வடக்குத்தெரு: நான் இழுக்கல, சுவர்ல இருக்கு.

கல்வெட்டுப்பித்தன்: சரி, சுவாரசியம்தானே வேணும்? வாரியத்துல இருந்து கணக்கு காட்டாம போனவன் பேர மட்டுமில்ல, அவன் அத்தை மகன் சித்தி மகன் பேரக்கூட குடத்துல போடக் கூடாது. கழுதை மேல ஏறினவன் பேரும் கூடாது, கள்ளக் கையெழுத்து போட்டவன் பேரும் கூடாது. தோட்ட வாரியத்துக்கு 12 பேரு, ஏரி வாரியத்துக்கு 6 பேரு, முப்பது குடும்புக்கும் தனித்தனியா சீட்டு. மாமன் மச்சான் பண்ண தப்புக்கு பேரு போன ஒருத்தன் குடத்தையே பாத்துட்டு நிக்கிறான்னு சொல்லிப் பாருங்க, ஒரு ஆள் எந்திரிக்காது. இவ்ளோ நிஜம் கொட்டிக் கிடக்கும்போது பொய் எதுக்கு?

பொன்னி: அப்ப நீங்களே மேடையேறி சொல்லுங்களேன்.

கல்வெட்டுப்பித்தன்: கூப்பிட்டா ஏறுவேன். மொத வரியே குலுக்கல்னுதான் இருக்கும்.

கதைசொல்லி: அடுத்த வாரம் ரெண்டாம் பாகம் வருது, அதுலயும் ஓட்டுன்னுதான் சொல்லுவேன். புடிக்கலன்னா கேக்காதீங்க.

கல்வெட்டுப்பித்தன்: கேப்பேன். கேட்டுட்டு இங்கயே வந்து திரும்ப எழுதுவேன், அது குலுக்கல்.