"பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம்"

கோபியிலிருந்து:
அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். கடைவாயில் வெகுநாளாக இருந்த சொத்தை ஒரு ராத்திரி தெறிக்க ஆரம்பித்தது. "மாசமாக இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது கண்ணு, பிள்ளை பிறக்கட்டும்" என்று மாமியார் கிராம்பை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் அதை அடக்கிக்கொண்டு படுத்ததில் ஈறு வெந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, ராகிக் களியைக்கூட விழுங்க முடியவில்லை. முதலில் பார்த்த பல் மருத்துவரும் மாமியார் கட்சிதான். பிரசவம் முடிந்து வரச் சொல்லிவிட்டார். பிரசவ மருத்துவரிடம் சொன்னேன், கோபித்துக்கொண்டார். "சீழை வாயில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் இருப்பாயா?" என்று கேட்டு, அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்தார். ஈரோட்டில் வேறொருவர் ஈயக் கவசம் போர்த்தி ஓர் எக்ஸ்ரே எடுத்தார். மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி போட்டு வேர் சிகிச்சை செய்தார். வலிக்குப் பாராசிட்டமால். கிருமியைக் கொல்லத் தரும் டெட்ராசைக்ளின் வகை மாத்திரை மட்டும் கூடாதாம், பிள்ளையின் பல்லில் கறை விழுமாம். நான்கு முதல் ஆறாம் மாதம் வரை தோதான காலம், வலியும் வீக்கமும் வந்துவிட்டால் மாதக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றார். ஏழாம் மாதக் கட்டுச்சோற்றை இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டேன்!

திருப்பூரிலிருந்து:
என் மனைவிக்கு மூன்று மாதம் ஓயாத வாந்தி. ஒவ்வொரு முறையும் உடனே பல் துலக்குவாள். நானும் சுத்தக்காரி என்று மெச்சிக்கொண்டிருந்தேன். வாந்தியின் அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும், அப்போது தேய்த்தால் தேய்ந்தே போகும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கச் சொன்னார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:
ஆறாம் மாதம் ஈறில் கோவைப்பழ நிறத்தில் ஒரு கட்டி. தொட்டால் ரத்தம். புற்றுநோய் என்றே முடிவுகட்டி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் அழுதேன். ஹார்மோன் ஏறும் காலத்தில் பல்லிடுக்கில் சேரும் அழுக்கைக்கூட ஈறு தாங்காது, அதனால் வருவது, புற்று இல்லை என்று சொல்லிப் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். பிரசவத்துக்குப் பின் தானாகவே சுருங்கிவிட்டது. அந்த ஒரு வாரத் தூக்கத்தை யார் திருப்பித் தருவார்கள்?

காங்கேயத்திலிருந்து:
"பிள்ளைக்கு ஒரு பல்" என்பார் எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். ஆறு பெற்றார், பல்லும் போனது உண்மைதான். ஆனால் வயிற்றுப்பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதில்லை. வெற்றிலையும் புகையிலையும் அறுபது வருடம் அவர் வாயைவிட்டு இறங்கவே இல்லை. பழி மட்டும் என் அம்மா மேல், தாய்மாமன்கள் மேல்!

மீண்டும் கோபியிலிருந்து:
எட்டாம் மாதத்தில் பல் மருத்துவரின் நாற்காலியில் படுக்கலாமா என்று கேட்ட தங்கைக்கு: நாற்காலியில் மல்லாந்து வெகுநேரம் படுக்க வேண்டாம். வலது இடுப்புக்கடியில் சிறு தலையணை வைத்து இடப்பக்கம் சாய்த்துவிடச் சொல்லுங்கள். நேராகப் படுத்தபோது எனக்குத் தலை சுற்றிவிட்டது.